களைக்காத மணி

கிள்ளான்,
3 மார்ச் 1935

தம்பி கார்த்திகேசுக்கு மச்சாள் மீனலோசனி எழுதுவது.

மணி மறுபடியும் செத்துவிட்டது. தைப்பொங்கல் கழிந்த ஞாயிற்றுக்கிழமை நீர் வந்து அதைப் பூட்டிவிட்டுப் போனபோது, "வருஷக்கணக்கிலை ஒண்டும் செய்யாது மச்சாள்" என்று சொன்னீர். ஏழு கிழமைகூட ஆகவில்லை, இது மூன்றாவது தடவை. நீர் சொல்லித் தந்தபடி, மணிக்குக் கரண்ட் தருகிற கண்ணாடி ஜாடி மூன்றையும் கழுவி, நவச்சாரம் கரைத்து ஊற்றி, துத்தநாகக் கம்பியைச் சுரண்டித் துடைத்துப் போட்டேன். ஒரு நாள் நன்றாக அடித்தது. மறுநாள் மத்தியானம் ஈ பறக்கிற சத்தம். பிறகு அதுவும் இல்லை.

உம்முடைய அண்ணருக்கு வலது பக்கம் முழுக்க இழுத்து, பேச்சும் நின்றுபோன பிறகு அந்த மணி ஒன்றுதான் அவருக்கு வாய். இடது கைக்குள் பொத்தானை வைத்துக் கட்டியிருக்கிறேன். ஒரு அடி அடித்தால் தண்ணீர், இரண்டு அடித்தால் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும், மூன்று என்றால் மற்றது. நீரும் நானும் பேசி முடிவுசெய்த இந்த ஏற்பாட்டை அவர் பிடித்துக்கொண்டாரா என்பதே சந்தேகம். ஒன்று, இரண்டு, மூன்று எல்லாம் முதல் கிழமையோடு சரி. இப்போது கை போனபடி அழுத்துகிறார். நாக்கோடு புத்தியும் போய்விட்டது என்று டாக்டர் சொன்னதை நான் நம்ப மறுத்தேன். இனி என்னத்தை மறுக்கிறது?

குசினி பின்பக்கம் இருக்கிறது. மணி இல்லாவிட்டால் உலையைப் போட்டுவிட்டு முன்னறைக்கும் பின்னறைக்கும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். புது ஜாடிகளாக அனுப்பிவையும். போன முறை அனுப்பியது பழையதோ என்று எனக்கு ஒரு எண்ணம். ரயில்வே மின்சாரப் பகுதியில் கழித்துப் போட்டது எதையும் அனுப்ப வேண்டாம்.

மீனலோசனி


பிரிக்பீல்ட்ஸ்,
6 மார்ச் 1935

மச்சாளுக்கு,

கழித்துப் போட்டதை என் சொந்த அண்ணருக்கு அனுப்புவேன் என்று எழுத உங்களுக்கு எப்படிக் கை வந்தது? மூன்று ஜாடியும் புதியவை. எங்கள் அலுவலக வாசலில் இதே ஜாடிதான் இருக்கிறது. இரண்டு வருஷமாக அந்த மணி அடிக்கிறது. தண்ணீர் வற்றினால் ஊற்றுவதைத் தவிர வேறு வேலை இல்லை.

இருபது வருஷமாகக் கம்பி இழுக்கிறவன் சொல்கிறேன், கேளுங்கள். இந்த ஜாடிகளுக்கு ஒரு குணம். அழுத்தி விட்டால் ஒன்றும் ஆகாது. விடாமல் அழுத்திப் பிடித்தால் களைத்துப் போகும். கொஞ்ச நேரம் சும்மா விட்டால் மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடி அடிக்கும். ஏழு கிழமையில் மூன்று தடவை சாக வேண்டுமானால் ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும். அண்ணர் நாளெல்லாம் அழுத்திக்கொண்டே கிடக்கிறார். அடித்ததும் ஆள் வந்து நின்றால் அவர் ஏன் திரும்பத் திரும்ப அழுத்துகிறார்? இந்தக் கேள்விக்குப் பதில் எழுதுங்கள்.

வீட்டில் நேசம்மாவிடம் சொன்னேன். "மச்சாள் தனிய என்ன செய்யிறது பாவம்" என்றாள். அவள் எதற்கும் பாவம் சொல்கிறவள்.

இனி ஜாடி அனுப்பமாட்டேன். வருகிற பதினேழாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வந்து மணியை வீட்டுக் கரண்டிலேயே ஓட வைக்கிறேன். ஒரு சிறிய இரும்புப் பெட்டி இருக்கிறது. ஒரு பக்கம் வீட்டு மின்சாரம் போகும், மறுபக்கம் மணிக்கு அளவான எட்டு வோல்ட் மட்டும் வரும். நவச்சாரமும் வேண்டாம், சுரண்டலும் வேண்டாம். அழுத்தின நேரம் முழுக்க அடித்துக்கொண்டே இருக்கும். அண்ணர் எவ்வளவு நேரம் கூப்பிடுகிறார் என்பது அப்போது அயலட்டை வீடுகளுக்கே தெரிந்துவிடும்.

கார்த்திகேசு


கிள்ளான்,
9 மார்ச் 1935

தம்பிக்கு,

அயலட்டைக்குத் தெரியட்டும். அப்படியாவது உமக்கு நம்பிக்கை வரட்டும்.

நீர் மாதத்துக்கு ஒரு முறை வந்து அரை மணி நேரம் இருந்துவிட்டுப் போகிறவர். நான் அவரைப் புரட்டி, துடைத்து, ஊட்டி, மூன்று மாதத்தில் இந்தத் தெரு முனைக்குக்கூடப் போகவில்லை. பத்துமலைத் தேருக்கு எல்லோரும் போனார்கள், நான் போகவில்லை. அழுத்தியதும் போகிறேன். போய்ப் பக்கத்தில் நிற்கிறபோதே மறுபடி அழுத்துகிறார். தண்ணீர் கொடுத்தால் வாயை மூடுகிறார். புரட்டினால் முறைக்கிறார். என் முகத்தைப் பார்த்துக்கொண்டே அழுத்துகிறார் தம்பி. நான் வேறு என்னதான் செய்யட்டும்?

கரண்ட் விஷயம் எனக்குச் சரியாகப் படவில்லை. போன வருஷம் பஜாரில் ஒரு தையல்கடைக்காரர் வயரைத் தொட்டுச் செத்தது உமக்கும் தெரியும். நகர முடியாத மனுஷனின் கையில் அதைக் கட்டிவிடப் போகிறீர். நீர் ஏன் இவ்வளவு அவசரப்படுகிறீர் என்று எனக்கு விளங்கவில்லை. ஜாடியை மாற்றித் தரச் சொன்னால் வீட்டுக் கம்பியையே மாற்ற வருகிறீர்.

வாரும். ஆனால் மூன்று நிபந்தனை. நான் பக்கத்தில் நின்று பார்ப்பேன். அவர் கையில் கொடுக்குமுன் உம்முடைய கையை நனைத்து அந்தப் பொத்தானின் வயர் இரண்டையும் நீர் பிடித்துக் காட்ட வேண்டும். சுவரில் மேலதிகமாக ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாது. இது அவர் உழைத்துக் கட்டிய வீடு.

மீனலோசனி


பிரிக்பீல்ட்ஸ்,
19 மார்ச் 1935

மச்சாளுக்கு,

ஈரக் கையோடு நான் வயரைப் பிடித்து நின்றதைப் பார்த்தீர்கள். உயிரோடுதான் வந்து சேர்ந்தேன். பெட்டியை மேல் பலகையில் ஏற்றியிருக்கிறேன், அதை மட்டும் தொட வேண்டாம். பழைய ஜாடிகளைத் தூக்கிப் போட்டுவிடுங்கள். நான்கு மணி நேரம் ஒரு போலீஸ்காரரைப்போல என் பின்னால் நின்றதற்கும் நன்றி.

நான் பார்த்ததையும் எழுதிவிடுகிறேன். அண்ணரின் இடது பெருவிரலில் காய்ப்புக் காய்த்திருக்கிறது. படுக்கையில் கிடக்கிற மனுஷனின் விரலில் காய்ப்பு எப்படி வந்தது? எத்தனை ஆயிரம் தடவை அழுத்தியிருப்பார்! அதனால்தான் அந்தத் தாளை மேசையில் வைத்துவிட்டு வந்தேன். அங்கே வைத்தே பேச நினைத்தேன். அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று நீங்கள் போட்ட சத்தத்தில் ஒன்றும் பேச முடியவில்லை.

தாளில் ஒளிவு மறைவு எதுவும் இல்லை. அண்ணருக்கு இனித் தானாக ஒன்றையும் முடிவுசெய்ய இயலாது, ஆகவே அவரையும் அவர் பெயரில் உள்ள வீட்டையும் சகோதரன் பொறுப்பேற்கிறான். டாக்டரின் சான்றும் சேர்ந்திருக்கிறது. மனைவி சம்மதம் என்று கீழே நீங்கள் கையெழுத்து வைத்தால் அவரை இங்கே கூட்டிக்கொண்டு வந்துவிடுவேன். நேசம்மா இருக்கிறாள், பிள்ளைகள் இருக்கிறார்கள், கூப்பிட்ட குரலுக்கு ஆள் ஓடி வரும். உங்களுக்கும் இங்கே ஒரு அறை உண்டு. கிள்ளான் வீட்டை வாடகைக்கு விடலாம்.

இந்தக் கிழமைக்குள் அனுப்புங்கள்.

கார்த்திகேசு


கிள்ளான்,
24 மார்ச் 1935

தம்பிக்கு,

உம்முடைய தாளை ஐந்து தடவை வாசித்தேன். "சித்த சுவாதீனம் அற்றவர்" என்று அச்சடித்திருக்கிறது. அந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் கண் நின்றுவிடுகிறது. நானே மூன்றாம் தேதிக் கடிதத்தில் புத்தி போய்விட்டது என்று உமக்கு எழுதினேன். அது அலுத்துப்போன பெண்சாதி எழுதியது. அதையே நீர் தாளில் எழுதி முத்திரை ஒட்டிக் கொண்டுவருவீர் என்று தெரிந்திருந்தால் என் விரலை வெட்டியிருப்பேன்.

இப்போது எனக்கு எல்லாம் விளங்குகிறது. மணி ஒரு சாட்டு. மணியைப் பூட்ட வந்த பையிலேயே தாளும் வந்தது. அவரை அங்கே கொண்டுபோய், வீட்டை வாடகைக்கு விட்டு, நான் உம்முடைய வீட்டில் ஒரு அறையில் நேசம்மாவின் கையை எதிர்பார்த்து இருக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு உம்முடைய தயவில் ஒரு அறை! கையெழுத்து வைக்கமாட்டேன்.

மணியைப் பற்றியும் கேளும். நீர் சொன்னபடி அது களைக்கவில்லை. காலையில் தொடங்கினால் விளக்கு வைக்கும்வரை அடிக்கிறது. பக்கத்து வீட்டுப் புஷ்பவல்லி வந்து, "என்னக்கா, உங்க வீட்ல தீயணைக்கிற வண்டி ஏதும் வந்து நிக்குதா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். முன்பு ஜாடி களைத்து மணி ஓய்ந்ததும் அவர் தூங்கிவிட்டார் என்று நினைப்பேன். அவர் தூங்கவே இல்லை தம்பி. ஓசை வராத பொத்தானை அழுத்திக்கொண்டு விழித்தே கிடந்திருக்கிறார். அது மட்டும் உம்முடைய கரண்டால் தெரிந்துகொண்டேன்.

நான் கவனிக்கவில்லை என்றுதானே உம்முடைய குற்றச்சாட்டு? வெள்ளிக்கிழமை மத்தியானம் கட்டில் ஓரத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, அவர் அடித்த ஒவ்வொரு அடியையும் தாளில் குறித்தேன். சின்ன அடிக்குப் புள்ளி, நீண்ட அடிக்குக் கோடு, நிறுத்தினால் இடைவெளி. தாள் முழுக்க நிரம்பிய பிறகும் அவர் நிறுத்தவில்லை. அதை இத்துடன் வைத்திருக்கிறேன். பக்கத்தில் ஆள் இருக்கும்போதே இப்படி அடிக்கிறார் என்பதற்கு இதுதான் சாட்சி. யாரிடம் வேண்டுமானாலும் காட்டும்.

மீனலோசனி


பிரிக்பீல்ட்ஸ்,
28 மார்ச் 1935

மச்சாளுக்கு,

இந்தக் கடிதத்தை எழுதாமலே விட்டிருக்கலாம். அப்படி விட ஒரு நாள் முழுக்க மனம் சொன்னது. அதையும் உங்களுக்குச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன்.

நீங்கள் அனுப்பிய தாளைப் பார்த்ததும் எனக்கு வந்தது சந்தோஷம். ஒரே குறி, திரும்பத் திரும்ப, பக்கம் முழுக்க. அண்ணரின் மூளை கலங்கிவிட்டது என்பதற்கு உங்கள் கையாலேயே எழுதித் தந்த சான்று என்று நினைத்தேன். எங்கள் வரிசையில் கடைசி வீட்டில் யோகநாதன் இருக்கிறார். ரயில்வேயில் தந்தியடித்து ஓய்வு பெற்றவர். நாலு எழுத்துத் தெரிந்தவர், என் தாளுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடட்டும் என்று போய், இதையும் காட்டினேன்.

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இதை ஆர் அடிச்சது?" என்று கேட்டார். "அண்ணர்தான். பைத்தியம் மாதிரி அடிக்கிறார்" என்றேன். என்னை நிமிர்ந்து பார்த்தார். "பைத்தியம் அவருக்கில்லை, உனக்குத்தான். மனுஷன் எவ்வளவு சுத்தமா அடிச்சிருக்கிறார்! ரண்டு கோடு. பிறகு புள்ளி, கோடு, புள்ளி, புள்ளி. எம், எல். எம், எல். ஆரையோ கூப்பிடுறார். ஆரது?"

அண்ணர் மலாயாவுக்கு வந்த புதிதில் ஆறு வருஷம் தந்தியடித்தவர் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். நான் வந்து சேர்ந்தபோது அவர் சரக்குப் பகுதியில் பெரிய கிளாக்கர். தந்தியைப் பற்றி வீட்டில் ஒரு நாளும் பேசியதில்லை. நான் கம்பி இழுக்கிறவன், கம்பியில் போகிற பேச்சு எனக்குத் தெரியாது. நாமிருவரும் அவருக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று குழந்தைக்குச் சொல்வதுபோலச் சொல்லிக் கொடுத்தோம். அவருக்கு ஒரு பாஷை முன்பே இருக்கிறதா என்று கேட்க நம் இருவருக்கும் தோன்றவில்லை. களைத்த ஜாடியில் எல்லா அடியும் ஒன்றாகக் கலந்து ரீங்காரமாகவே கேட்டிருக்கும்.

எம், எல் என்பது யார் என்று யோகநாதனிடம் நான் சொல்லவில்லை. மீனலோசனி என்ற பெயரின் ஆங்கில எழுத்துகள் அவை. என்னை அவர் கூப்பிடவில்லை மச்சாள். பக்கம் முழுக்கத் தேடிப் பார்த்தேன், என் எழுத்து ஒன்றுகூட இல்லை.

ஏன் கூப்பிடுவதோடு நிறுத்துகிறார், செய்தி ஏன் இல்லை என்று கேட்டேன். "மற்றப் பக்கம் பதில் வராமல் தந்திக்காரன் செய்தி அனுப்பமாட்டான். ஆளில்லாத இடத்துக்கு ஆர் பேசுவான்? பதில் வருமட்டும் கூப்பிட்டுக்கொண்டே இருக்க வேணும், அதுதான் எங்கடை பழக்கம்" என்றார். பதில் சொல்ல ஒரு குறி இருக்கிறது. கோடு, கோடு, புள்ளி. சொல்லு, கேட்கிறேன் என்று அதற்குப் பொருள். அவர் கூப்பிட்டு நிறுத்தியதும் பொத்தானை நீங்கள் வாங்கி அதை அடியுங்கள். பிறகு அவர் அடிப்பதைக் குறித்து அனுப்புங்கள். யோகநாதன் எழுத்து அட்டவணை ஒன்று எழுதித் தந்திருக்கிறார். அதை வைத்து நான் வாசித்துவிடுவேன்.

கார்த்திகேசு


கிள்ளான்,
3 ஏப்ரல் 1935

தம்பிக்கு,

அடித்தேன். முதல் தடவை கோட்டையும் புள்ளியையும் மாற்றி அடித்துவிட்டேன். இரண்டாம் தடவை சரியாக அடித்தேன். அவர் முகத்தை என்னவென்று எழுதுவேன்? கண்ணை மூடிக்கொண்டார். தண்ணீர் காது வரைக்கும் ஓடியது. நானும் அழுதேன். அவரோடு பேசத் தெரியாமல் இரண்டு மாதமாகத் தண்ணீர்க் குவளையை நீட்டிக்கொண்டு நின்றிருக்கிறேனே!

பிறகு அடித்தார். களைத்தால் நிறுத்தினார், மறுநாள் தொடர்ந்தார். மூன்று நாளில் நான்கு பக்கம் குறித்திருக்கிறேன். கடைசியில் பொத்தானைத் தானே விட்டுவிட்டுத் தூங்கிப்போனார். மணி அதன் பிறகு பேசாமல் இருக்கிறது.

நான்கு பக்கத்தையும் உமக்கு அனுப்புகிறேன். என் புருஷன் எனக்குச் சொன்னதை எனக்கு வாசிக்கத் தெரியாது. நீர் வாசித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. உம்மைப் பற்றி அதில் இருக்கலாம், என்னைப் பற்றியும் முறைப்பாடு இருக்கலாம். அவருக்கு ஒன்றும் விளங்காது என்று நினைத்து அந்தத் தாளைப் பற்றி அவர் தலைமாட்டிலேயே நின்று சண்டை பிடித்தோம். எல்லாம் கேட்டுக்கொண்டு கிடந்திருக்கிறார்.

உம்மை நான் நம்பவில்லை என்பதையும் எழுதிவிடுகிறேன். இருந்தாலும் அனுப்புகிறேன்.

மீனலோசனி


பிரிக்பீல்ட்ஸ்,
8 ஏப்ரல் 1935

மச்சாளுக்கு,

இரண்டு நாள் எழுத்துக் கூட்டினேன். யோகநாதனிடம் போகவில்லை. இது பிறத்தியார் பார்க்கிற விஷயம் இல்லை.

முதலில் உங்களுக்கு வேறொரு கடிதம் எழுதினேன். "தம்பியோடு போகச் சம்மதம்" என்று அண்ணர் சொன்னதாக அதில் எழுதியிருந்தேன். உறையில் போட்டு ஒட்டியும்விட்டேன். நேசம்மா விளக்கைத் துடைத்துக்கொண்டே, "அண்ணர் என்ன சொல்லியிருக்கிறார்?" என்று கேட்டாள். அவளுக்கு அந்தப் பொய்யைச் சொல்ல வாய் வரவில்லை. சொந்தப் பெண்சாதியிடம் சொல்ல முடியாததை அண்ணரின் பெண்சாதிக்கு எழுதியிருக்கிறேனே என்று வெட்கமாகப் போய்விட்டது. உறையோடு அடுப்பில் போட்டேன்.

அண்ணர் ஆங்கிலத்தில் அடித்தது தமிழில் இது:

"மீனா. இரண்டு மாதமாகக் கூப்பிடுகிறேன். நிலையத்தில் ஆள் இல்லையா? எனக்கு நாக்குத்தான் போனது, தலை சரியாக இருக்கிறது. எல்லாம் கேட்கிறது. டாக்டர் மடையன். தாளில் கையெழுத்து வைக்காதே. வீடு உன்னுடையது. நான் இங்கேதான் இருப்பேன், உன்னோடு. நீ மெலிந்துவிட்டாய். கஞ்சியில் உப்பு இல்லை."

இவ்வளவுதான்.

நான் கொண்டுவந்த தாளின் பிரதியை இரண்டாகக் கிழித்து இத்துடன் வைத்திருக்கிறேன். உங்களிடம் இருப்பதையும் கிழித்துவிடுங்கள். எழுத்து அட்டவணையையும் அனுப்புகிறேன். இனி நீங்களே வாசிக்கலாம், நடுவில் நான் வேண்டாம். நான் கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை என்று சொன்னால் நீங்கள் நம்பப் போவதில்லை. அவர் விரலில் இருந்த காய்ப்பைப் பார்த்து நான் பயந்தது மட்டும் மெய். இனிமேல் பெட்டியில் ஏதும் கோளாறு என்றால் கிள்ளானிலேயே நல்ல வயர்மேன் இருக்கிறார்கள். நான் வந்து உங்களுக்குத் தொந்தரவு தரமாட்டேன்.

கார்த்திகேசு


கிள்ளான்,
11 ஏப்ரல் 1935

தம்பி கார்த்திகேசுக்கு,

உம்மை நம்பவில்லை என்று எழுதினேன் அல்லவா? அந்த நான்கு பக்கத்தையும் உமக்கு அனுப்புமுன் இன்னொரு பிரதி எடுத்து வைத்துக்கொண்டேன். கிள்ளான் ஸ்டேஷனில் தந்தியடிக்கிற தம்புசாமி புஷ்பவல்லிக்குச் சொந்தம். அவரை வீட்டுக்கு அழைத்து வாசிக்கச் சொன்னேன். உம்முடைய கடிதம் வருவதற்கு முதல் நாளே வாசித்துவிட்டார். உம்முடைய கடிதம் வந்ததும் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எங்கே பொய் சொல்லியிருக்கிறீர் என்று சொல் சொல்லாகப் பார்த்தேன்.

கையெழுத்து வைக்காதே என்பதை அப்படியே எழுதியிருக்கிறீர். வீடு என்னுடையது என்பதையும் எழுதியிருக்கிறீர். உப்பைக்கூட விடவில்லை. ஆனால் "இவ்வளவுதான்" என்று எழுதியது பொய். உப்புக்குப் பிறகு இன்னும் மூன்று வரி இருக்கிறது. தம்புசாமி அதை வாசித்துவிட்டு, "அக்கா, இது யாரு கார்த்தி? அவருக்கு இதச் சொல்லிட்டீங்களா?" என்று கேட்டார்.

"கார்த்தி நல்லவன், அவசரக்காரன். அவனை வாசலோடு அனுப்பிவிடாதே. எனக்குப் பேச்சுக் கொடுத்தவன் அவன்."

அதை ஏன் மறைத்தீர் என்று கேட்கமாட்டேன். உமக்குப் பாதகமானதை எல்லாம் எழுதிவிட்டு, சாதகமானதை மட்டும் விழுங்கியிருக்கிறீர். அந்த வரிகளுக்கு நீர் தகுதியில்லை என்று நினைத்திருப்பீர். அதைத் தீர்மானிக்க வேண்டியது உம்முடைய அண்ணர், நீர் அல்ல.

ஞாயிற்றுக்கிழமை சித்திரை வருஷப்பிறப்பு. நேசம்மாவையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு காலை ரயிலில் வாரும். நேற்றிலிருந்து அவர் ஒரு புது எழுத்தை அடித்துக் கூப்பிடுகிறார். அட்டவணையைப் பார்த்தேன். கே. அதற்கு நான் பதில் சொல்ல முடியாது, நீர் வந்துதான் சொல்ல வேண்டும்.

மச்சாள்
மீனலோசனி